மகனுக்குள் தகப்பனை அடைத்த சாய்கோடு

1998 மார்ச் மாதம், மூன்றாவது திங்கட்கிழமை, மாலை மூன்று மணி அளவில் எங்கள் அலுவலகத் தமிழர்கள் அனைவரும் பெயரின் நடுவில் இரண்டாக வெட்டப்பட்டோம். யாருக்கும் வலிக்கவில்லை. வலி மே மாதத்தில்தான் தெரிந்தது. அதுவும் ஒரே ஒருவருக்கு. வெட்டியது கம்ப்யூட்டர் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

அப்போது நான் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லோரிக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வருவேன். ஒரு வழிக்கு ஒரு அத்தியாயம் படிக்கலாம். ரயில் நின்றுவிட்டால் இரண்டு. பினாங்கிலும் ஜொகூரிலும் கம்பெனிக்குக் கிளைகள் இருந்தன. எந்த டிரைவர் எப்போது வந்து சேர்ந்தார், யார் தாமதம், யார் லீவு, எந்த லோரி எங்கே படுத்துக்கொண்டது என்று அங்கிருந்து இமெயில் வரும். அவற்றை டிரைவர் வாரியாகப் பிரித்து வைப்பது என் வேலை. டிரைவர்கள் அறுபத்து மூன்று பேர். ஆளுக்கு ஒரு ஃபோல்டர்.

ஃபோல்டருக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. மேனேஜர் ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் மேன் இவ்வளவு நீளம்? எல்லாரும் கூப்பிடற பேர போட்டா போதாதா?” என்றார்.

“அடையாளக் கார்டுல எப்படி இருக்கோ அப்படித்தான் சார் போடணும்.”

“நீங்க என்ன, ரெஜிஸ்ட்ரார் ஆஃபீசா?”

மனதுக்குள் ஆமாம் என்றேன்.

மலேசியத் தமிழனின் அடையாளக் கார்டில் அவன் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ என்று இருக்கும். ‘அனாக் லெலாக்கி’ என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். இன்னாருடைய மகன் என்று பொருள். மகளாக இருந்தால் ‘ஏ/பி’. பள்ளிப் பதிவேட்டிலிருந்து மரணச் சான்றிதழ் வரை இந்தச் சாய்கோடு நம்மோடு வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் பாதி ஆளை எழுதியது போல எனக்கு இருக்கும். எனவே அறுபத்து மூன்று ஃபோல்டர்களில் தமிழர்களுடைய நாற்பத்தொன்றிலும் சாய்கோட்டைத் தவறாமல் போட்டேன்.

கோலாலம்பூரிலிருந்த தலைமை அலுவலகம் அந்த வருடம் புதிய இமெயில் நிரல் ஒன்றை வாங்கியது. பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிவைக்க டை கட்டிய கம்ப்யூட்டர்காரர் ஒருவர் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்தார். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்குத் திரை அப்படியே நின்றுவிட்டது. அவர் அமைதியாகச் சாப்பிடப் போனார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினார். பாதிவரை வந்திருந்தது வந்ததுதான் என்பதும், அதன் மேலேயே முழுவதும் இன்னொரு முறை வந்து உட்காரும் என்பதும் மூன்று மணிக்குத் தெரிந்தது. கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டிரண்டு. முகவரிப் பட்டியலில் ஆளுக்கு இரண்டு அட்டை.

அதுகூடப் பரவாயில்லை. பழைய நிரலுக்குச் சாய்கோடு வெறும் கோடு. புதிய நிரலுக்கோ அதன் பொருள் ‘இதற்குள்ளே’. கோட்டைக் கண்ட இடத்தில் பெயரை வெட்டி, முன்பாதியை ஒரு ஃபோல்டராக்கி, பின்பாதியை அதற்குள் இன்னொரு ஃபோல்டராகப் போட்டுவிட்டது. மகன் பெயரும் தொங்கலாக ஒரு ‘ஏ’யும் வெளியே, அதைத் திறந்தால் உள்ளே ‘எல்’ என்ற எழுத்தைச் சுமந்துகொண்டு தகப்பனார். என் கணக்குப்படி, நாற்பத்தொரு மகன்களின் வயிற்றுக்குள் நாற்பத்தொரு தகப்பன்மார்கள். உலக வரலாறு ஓரளவு படித்திருக்கிறேன். இப்படி ஒரு வம்சாவளியை எங்கும் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர்காரர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மலாய்க்காரவங்க பேரு எல்லாம் ஓக்கே சார். மகன்னு சொல்ல ‘பின்’ போடறாங்க, கோடு இல்ல. சைனீஸும் ஓக்கே. உங்க ஆளுங்க பேருதான் சார் ப்ராப்ளம்.”

“உங்க ஆளுங்கன்னா? நீங்க யாரு தம்பி? உங்க கார்டுல ஏ/எல் இல்லியா?”

“இருக்கு சார். ஆனா நான் பிசினஸ் கார்டுல போடறதில்ல.”

சொல்லிவிட்டு பிசினஸ் கார்டு ஒன்றை நீட்டினார். உண்மைதான், அவருக்குத் தகப்பனார் இல்லை. இதைச் சரிசெய்வது ஒப்பந்தத்தில் வராது என்றும், “கையாலதான் செய்யணும்” என்றும் சொன்னார். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து, அதைப் பினாங்குக் கிளைக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினார்.

கையால் செய்ய நான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஒழுங்கில்லாததை ஒழுங்காக்கும் வேலை கிடைத்தால் எனக்குப் பசிகூட எடுக்காது. முறை ஒன்று வகுத்துக்கொண்டேன். தகப்பனார் ஃபோல்டரைத் திறப்பது. இரட்டைக் கடிதங்களில் ஒன்றை அழிப்பது. மிச்சத்தை மகனிடம் ஏற்றுவது. காலியான தகப்பனாரை நீக்குவது. பிறகு மகன் பெயரின் வாலில் தொங்கும் ‘ஏ’யை வெட்டுவது. தகப்பனார் பெயர் ஃபோல்டரில் இருந்தே ஆகவேண்டும் என்ற என் கொள்கை இந்த இடத்தில் சத்தமில்லாமல் இறந்துபோனது. நான் கவனிக்கவில்லை. அட்டவணை போட்டு, முடிந்தவர்களுக்கு எதிரே சிவப்பு மையில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

இரண்டாவது வாரத்தில் ஒரு மகனைத் திறந்தபோது உள்ளே இரண்டு தகப்பனார்கள் இருந்தார்கள். ஒருவர் பெயரில் ஓர் ‘எச்’ அதிகம். மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றே. நான் சிரித்துக்கொண்டேன். இந்த நாட்டில் தமிழன் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியது அவனல்ல. தோட்டத்துக் கிராணி ஒரு மாதிரி எழுதுவார், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு மாதிரி எழுதுவார், பள்ளி ஆசிரியர் மூன்றாவது மாதிரி எழுதுவார். ஒரே தகப்பனுக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளின் கார்டுகளில் தகப்பன் பெயர் நான்கு விதமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அனுபவமில்லாத ஒருவன் இவர்களை இரண்டு பேர் என்று நினைத்து ஏமாந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டே இருவரையும் ஒருவராக்கினேன். முகவரி அட்டையும் இரண்டு விதமாக இருந்தது: ஒன்றில் பண்டமாரான், மற்றதில் டெங்கில். டிரைவர்கள் வீடு மாறுவார்கள்தானே. டெங்கில் பழைய முகவரி என்று முடிவுகட்டி அழித்தேன். சிவப்பு மை, டிக்.

ஏப்ரல் இறுதியில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெமோ அனுப்பினேன்: “இரட்டிப்புகள் யாவும் நீக்கப்பட்டன. பதிவுகள் இப்போது முற்றிலும் தூய்மையாக உள்ளன.” பாராட்டிப் பதில் வந்தது; பணியாளர் பட்டியலை இனி என் பதிவுகளிலிருந்தே எடுத்துக்கொள்வதாகவும் அதில் இருந்தது. மேனேஜர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

எங்கள் டிப்போவில் பண்டமாரான் என்று ஒரு டிரைவர் இருந்தார், டெங்கில் என்று இன்னொருவர் இருந்தார். அவர்கள் ஊர்களின் பெயர் அவை. வரலாற்று நூல்களில் ஒரே பெயரில் இரண்டு அரசர்கள் வந்தால் முதலாம், இரண்டாம் என்று எண் போடுவார்கள். லோரி டிப்போவில் ஊரைப் போட்டார்கள். இருவருக்கும் சொந்தப் பெயர் ஒன்றே. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடாததால், பெயர் கார்டில் தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஃபோல்டர் திறந்தபோது எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. டிக் அடிக்கும் வேகத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை.

மே மாதம் இரண்டாவது வியாழன். பண்டமாரான் வண்டி எடுக்காமல் என் மேசைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள். பதினான்கு வருட சர்வீஸ். கையில் தலைமை அலுவலகத்துக் கடிதம்.

“கிராணி, இது என்னா லெட்டருன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்துச்சு. மகளப் படிக்கச் சொன்னேன், படிச்சுட்டு அழுவுறா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா.”

படித்தேன். ஒரே வருடத்தில் ஐந்து எச்சரிக்கைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள், பிப்ரவரியில் மூன்று நாட்கள் அனுமதியின்றி வரவில்லை என்பதும் ஒன்று. ஐந்து சேர்ந்தால் கம்பெனி விதிப்படி வேலைநீக்க விசாரணை. விசாரணை முடியும்வரை லோரியைத் தொடக்கூடாது. விசாரணை அடுத்த வாரம் வெள்ளி, காலை பத்து மணிக்கு.

“அஞ்சா? எனக்கு ரெண்டுதானே குடுத்தாங்க! பிப்ரவரில மூணு நாளு நான் எங்க போனேன்? ஜொகூருக்கும் பட்டர்வொர்த்துக்கும் ஓடிக்கிட்டே இருந்தேன். பாசார் போவக்கூட நேரமில்லன்னு வீட்டுல சண்ட.”

பிப்ரவரியில் மூன்று நாட்கள் வராதவர் டெங்கில் என்பது எனக்கு நினைவு வந்தது. அடுத்த கணம் அந்த ‘எச்’ எழுத்தும் நினைவு வந்தது.

“கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு” என்றேன்.

“கம்ப்யூட்டருக்கு என்னா, அது தப்பு பண்ணும். நீங்க சரி பண்ணிருவீங்கல்ல?” அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

மேனேஜரிடம் போனேன். “சார், இது ரெண்டு வேற ஆளு. ஒண்ணாக் கலந்துருச்சு.”

அவர் பலகையைக் காட்டினார். “முற்றிலும் தூய்மைன்னு எழுதினது யாரு? நானா? ஹெட் ஆஃபீஸ்ல சிஸ்டத்தைத்தான் நம்புவாங்க. சிஸ்டம் க்ளீன்னு நீங்களே சர்டிஃபை பண்ணிட்டீங்க. இப்ப போய் அழுக்குன்னா உங்களத்தான் கேப்பாங்க.”

“யாரு கலந்தாங்கன்னு கேப்பாங்களா?”

“கேக்காம?”

நாட்குறிப்பில் அன்றைக்கும் மறுநாளுக்கும் வெயில், மழை, ரயில் தாமதம் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. நடந்ததையெல்லாம் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அந்த இரண்டு நாட்களிலும் வேறு எதுவும் நடக்கவில்லை போலும்.

சனிக்கிழமை டெங்கிலைப் பிடித்தேன். அவர் முப்பத்தைந்து வயதுக்காரர், வாயாடி. டயரின் மேல் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமை வந்து அந்த மூன்று எச்சரிக்கைகளும் தன்னுடையவை என்று சொல்லவேண்டும் என்றேன்.

“அப்ப மூணும் என் பேருல ஏறுமே கிராணி.”

“அது ஏற்கெனவே உங்களுதுதானே!”

“முன்னாடி. இப்ப உங்க கம்ப்யூட்டர்ல நான் சுத்தம் லா. பொறந்ததுலேருந்து இப்பதான் என் மேல ஒரு கேஸும் இல்ல. அதயும் கெடுக்கப் பாக்கறீங்களே.”

“அந்த மனுஷனுக்கு வேலை போயிரும்.”

அவர் ரொட்டியைக் கறியில் முக்கி நிதானமாகத் தின்றார். “பாக்கலாம் கிராணி” என்றார். ‘பாக்கலாம்’ என்றால் இங்கே வழக்கமாக மாட்டேன் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து பணியாளர் பிரிவு அதிகாரி ஒரு பெண்மணி, நம்மவர்தான், கம்ப்யூட்டர் அச்சிட்ட தாள்களோடு வந்து மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பண்டமாரான் தீபாவளிக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். குறிப்பெடுக்க நான். அதிகாரி ஐந்து எச்சரிக்கைகளையும் வாசித்தார். பண்டமாரான் இரண்டை ஒப்புக்கொண்டார்.

“மூணு என்னுது இல்லம்மா. அது டெங்கிலு.”

“டெங்கில்ல என்ன செஞ்சீங்க?”

“நான் ஒண்ணும் செய்யலம்மா. டெங்கிலுன்னு ஒரு ஆளு.”

அதிகாரி தாள்களைப் புரட்டினார். “அப்படி ஒரு பேர் சிஸ்டத்துல இல்லியே.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்து பேச வேண்டும் என்று நினைத்தேன் என்று எழுதலாம், நினைத்தது உண்மை. ஆனால் அதற்குள் கதவைத் தட்டாமலேயே திறந்துகொண்டு டெங்கில் உள்ளே வந்தார். கையில் லீவு ஃபாரம்.

“இங்க பாருங்க மேடம், கொழந்தைக்கு மொட்ட போட அடுத்த மாசம் ரெண்டு நாளு லீவு கேட்டேன். அப்படி ஒரு தொழிலாளி இல்லன்னு ஹெட் ஆஃபீஸு திருப்பி அனுப்பியிருக்கு. ஒம்போது வருஷமா வண்டி ஓட்டறேன். நான் இல்லன்னா வண்டிய யாரு ஓட்டுனா, பேயா?”

அதிகாரி பெயரைக் கேட்டார். டெங்கில் சொன்னார். அதிகாரி தாளைப் பார்த்தார், பண்டமாரானைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். “இந்தப் பேர்ல ஒருத்தர்தான் இருக்கார். உங்க ரெண்டு பேர்ல எது டூப்ளிகேட்?”

“அவரு சீனியர் மேடம், அப்ப நாந்தான் டூப்ளிகேட்டா இருக்கணும்” என்றார் டெங்கில். பண்டமாரானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருவரும் அடையாளக் கார்டை மேசையில் வைத்தார்கள். பண்டமாரானின் கார்டில்தான் அந்த அதிகப்படி ‘எச்’ இருந்தது. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் செய்ததையே செய்தார். “அப்பா பேரு ஒண்ணுதானே? ஸ்பெல்லிங்தான் வேற. அண்ணன் தம்பியா?”

“ஒரே பேர ரெண்டு புள்ளைக்கு எந்த அப்பன் வெப்பான் மேடம்?” என்றார் டெங்கில். “எங்கப்பா டெங்கில் எஸ்டேட்ட விட்டுத் தாண்டுனதே இல்ல. பண்டமாரானுக்கு எப்ப போயிட்டு வந்தாருன்னு எங்கம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, வெளக்கமாறு பறக்கும்.”

மேனேஜர் இருமினார். அப்போதுதான் நான் எழுந்தேன். இருவரை ஒருவராக்கியது கம்ப்யூட்டர் அல்ல, நான்தான் என்றும், மெமோ தவறு என்றும் சொன்னேன். அந்த ‘எச்’ பற்றியும் நம் பெயர்களை எழுதிய தோட்டத்துக் கிராணிகள் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன். “போதும், உக்காருங்க” என்றார் அதிகாரி.

திங்கட்கிழமைக்குள் இருவரின் பதிவுகளையும் பிரித்து, ஒவ்வொரு கடிதத்திலும் உரியவரின் கையெழுத்தோடு தரவேண்டும். பார்த்துவிட்டுத் தீர்ப்பு என்று சொல்லி அவர் எழுந்தார். மேனேஜர் பலகையிலிருந்து பாராட்டுக் கடிதத்தை எடுத்து என் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை, என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு டிரைவர்கள். கிளைகளிலிருந்து வரும் கடிதங்களில் வெறும் பெயர்தான் இருக்கும். யார் என்று நான் அப்போதே போனில் கேட்டு உரிய ஃபோல்டரில் போட்டிருந்தேன். அந்தப் பிரிவினையை நானே அழித்துவிட்டேன். இனி அவர்கள் நினைவுதான். ஒவ்வொரு கடிதமாக வாசித்தேன்.

“தாப்பாவில் டயர் வெடித்தது.”

“என்னுது” என்றார் பண்டமாரான்.

“ஜொகூர் கேட்டில் காவலாளியோடு வாய்ச்சண்டை.”

“இத வேற கேக்கணுமா கிராணி?” என்று பண்டமாரான் எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

“பிப்ரவரி, மூன்று நாட்கள் வரவில்லை.”

டெங்கில் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “என்னுதுதான். கொழந்த பொறந்துச்சு. டிஸ்பாட்ச்சுக்குப் போன் போட்டுச் சொன்னேன், எவனும் எழுதி வைக்கல” என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பண்டமாரான் அதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்ப் பாலில்லாத கோப்பி ஓ மூன்று வாங்கிவந்தார்.

பதினொரு மணிக்குள் எச்சரிக்கைகள் ஐந்தும் பிரிந்துவிட்டன: இரண்டு, மூன்று. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தகராறு கடைசிக் கடிதத்தில் வந்தது. பினாங்கு வாடிக்கையாளர் ஒருவர் எழுதியது: உங்கள் டிரைவர் மழையில் தானே இறங்கித் தார்ப்பாய் போட்டு எங்கள் சரக்கைக் காப்பாற்றினார், மிகவும் பண்பான மனிதர்.

“அது நான்” என்றார்கள் இருவரும்.

“பண்புன்னு எழுதியிருக்கு. நீ எப்படிறா?” என்றார் பண்டமாரான்.

“அண்ணே, உங்களுக்கு முட்டி வலி. மழையில லோரி மேல ஏறுனீங்களா? கேக்கறவன் சிரிப்பான்.”

“அப்ப முட்டி நல்லாத்தான்டா இருந்துச்சு.”

“தார்ப்பாய்க் கயிறு என் கையக் கிழிச்சுது. தழும்பு பாக்கறீங்களா?”

“தழும்பு என்கிட்டயும் இருக்கு!” சட்டைக் கைகளை இருவரும் சுருட்டினார்கள். பார்த்தேன். லோரி ஓட்டுகிறவர்களின் கைகள்; தழும்புக்குப் பஞ்சமே இல்லை.

கடிதத்தில் லோரி எண் கிடையாது. அரைமணி நேரம் போயிற்று. கடைசியில், மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்த அதே கையால், அந்தக் கடிதத்துக்கு ஒரு பிரதி எடுத்தேன். ஒன்றைப் பண்டமாரான் ஃபோல்டரிலும் மற்றதை டெங்கில் ஃபோல்டரிலும் போட்டேன். இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின. செவ்வாய் மத்தியானம் வரை பண்டமாரான் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு ஃபேக்ஸ் வந்தது. அலுவலகத்துக்கு ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, கொண்டுபோய் அவர் முன்னால் நின்றுகொண்டே வாசித்தேன். குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது. உடனடியாகப் பணிக்குத் திரும்பலாம்.

“அப்ப நான் இருக்கேன்?”

“இருக்கீங்க அண்ணே.”

“பேரெல்லாம் சரியா எழுதியிருக்காங்களா? நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். அவர் பெயர் இருந்தது. ஏ இருந்தது, சாய்கோடு இருந்தது, எல் இருந்தது. தகப்பனார் பெயரில் ஓர் ‘எச்’ குறைந்திருந்தது. அதாவது, எழுத்தின்படி பார்த்தால், விடுதலையானவர் டெங்கில்.

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லலாம். திருத்திய கடிதம் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்.

“சரியா இருக்கு” என்றேன்.

அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வரேன் கிராணி, பட்டர்வொர்த் சரக்கு நிக்கிது” என்று சொல்லி யார்டுக்கு நடந்தார். நான் மேசைக்குத் திரும்பி, பேனாவை எடுத்து, அலுவலகப் பிரதியில் மட்டும் அந்த ‘எச்’சைச் சேர்த்தேன்.